கூட்டுறவுச் சங்கக் கணினிக் கணக்கில் ஆளுக்கேற்ற பொத்தான்கள்

கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இந்நாட்டில் 1904-ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஏற்பட்டவை. அக்காலந்தொட்டு நாள்வழி, பேரேடு, ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு ஆகியவை தடித்த அட்டையிட்ட புத்தகங்களாகவே இருந்துவந்தன. அவை கணினிக்குள் புகும் காலம் இது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய மந்திரிசபை, தேசமெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை ஐந்தாண்டுகளில் 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கி, பொதுவான ஒரு மென்பொருளின்கீழ்க் கொணரும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. கடன், வைப்பு, உரம், விதை ஆகிய எல்லாவற்றின் கணக்கையும் ஒரே இடத்தில் பதியும் இவ்வகை மென்பொருளை வணிக நிறுவனங்கள் நெடுநாளாகவே உபயோகித்து வருகின்றன.

புத்தகம் மாறும்போது, புத்தகத்தைக் காத்துவந்த ஏற்பாடுகளும் உடன் மாறிவிடுகின்றன. காகிதப் பேரேடு செயலாளரின் பீரோவில் பூட்டப்பட்டிருந்தது. எழுதியவர் யார் என்பதைக் கையெழுத்தே காட்டிற்று. சுரண்டி அழித்த இடம் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது. கணினியிலோ எல்லோருடைய எழுத்தும் ஒரே அச்செழுத்து. அழித்த இடத்தில் தழும்பு இராது. ஆகவே, இன்னார் இன்ன காரியத்தை மட்டுமே செய்யலாம் என்னும் வரம்பை மென்பொருளுக்குள்ளேயே முன்கூட்டி அமைத்துவைக்க வேண்டியதாகிறது. அவ்வரம்பு சரிவர அமையாத சங்கத்தில், ஒரு குடியானவர் வாங்காத கடன் அவர் பெயரில் ஏறியிருக்கக்கூடும். அடுத்த சாகுபடிக்குக் கடன் கேட்கச் செல்லும் நாளில், தவணை தவறியவர் என்று அவரைத் திருப்பி அனுப்பும்போதுதான் அது அவருக்குத் தெரியவரும். ஆதலால் இவ்விஷயம் கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரியதன்று. நிர்வாகக் குழுவினரும் உறுப்பினர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருக்கத்தக்கதாகும்.

பொத்தான்களின் தன்மை

கணினித் திரையில் சிறு கட்டங்களுக்குள் 'சேமி', 'சமர்ப்பி', 'அங்கீகரி', 'ரத்து செய்', 'அழி' என்று எழுதியிருப்பவையே பொத்தான்கள் எனப்படும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலிருப்பினும் அவற்றின் விளைவுகள் வேறானவை. 'சேமி' என்பது பென்சிலால் குறித்துவைப்பதற்கு ஒப்பாகும். 'அங்கீகரி' என்பது செயலாளர் கையொப்பமிட்டு முத்திரை பதிப்பதற்குச் சமானம். 'அழி' என்பதோ பேரேட்டிலிருந்து ஓர் ஏட்டைக் கிழித்தெறிவதாகும். முத்திரையையும் பென்சிலையும் ஒரே மேஜையின்மேல் எல்லோர் கைக்கும் எட்டும்படி வைத்துவிட்டுப் போகும் செயலாளர் எவருமிலர். திரையிலும் அவ்வாறு வைக்கலாகாது.

ஒவ்வோர் ஊழியரும் தமக்குரிய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தே மென்பொருளுக்குள் நுழைகிறார். நுழைந்தவர் இன்னார் என்று தெரிந்தவுடன், அவருக்குரிய பொத்தான்களை மட்டும் காட்டி ஏனையவற்றை மறைத்துவிடும்படி மென்பொருளை அமைக்கலாம். எழுத்தரின் திரையில் 'அங்கீகரி' என்னும் பொத்தானே இராது. தணிக்கையாளரின் திரையில் பார்ப்பதற்கும் அச்சிடுவதற்குமன்றி வேறு பொத்தான் இராது.

அதிகாரத்தைப் பகுத்தல் புதிதன்று

சென்னை ராஜதானியின் கிராமங்களில் வரியை வசூலித்தவர் முன்சீப். கணக்கை எழுதியவர் கர்ணம். பணத்தைத் தொட்டவர் கணக்கை எழுதவில்லை. கணக்கை எழுதியவர் பணத்தைத் தொடவில்லை. அப்பதவிகள் தமிழ்நாட்டில் 1980-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டன எனினும், அவற்றிற்கு ஆதாரமாயிருந்த கொள்கை ஒழியவில்லை. அரசாங்கக் கஜானாவின் இரட்டைப் பூட்டும் அக்கொள்கையையே பின்பற்றியது. இரு சாவிகளும் இரு அதிகாரிகளிடம் இருக்கும். இருவரும் உடனிருந்தாலன்றிப் பெட்டி திறவாது.

கணினித் துறையிலும் இக்கொள்கை நெடுநாளாக வழங்கிவருகிறது. 1975-இல் அமெரிக்காவில் ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர், கணினியிலுள்ள விவரங்களைக் காக்கும் முறைகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருவருக்கு அவருடைய வேலைக்கு அவசியமான அதிகாரத்திற்கு மேல் சிறிதும் அளிக்கலாகாது; வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது யாவும் மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும்; ஒவ்வொரு முறையும் அதிகாரம் சோதிக்கப்பட வேண்டும்; முக்கியமான காரியத்திற்கு இரண்டு சாவிகள் வேண்டும் என்பவை அவர்கள் கூறியவற்றுள் முக்கியமானவை. 1992-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணய நிலையத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயலோ, ரிச்சர்ட் குன் ஆகியோர், அதிகாரத்தை ஆளுக்கு அளிக்காமல் பொறுப்புக்கு அளித்து, அப்பொறுப்பில் ஆளை அமர்த்தும் முறையை விளக்கினர். 2004-இல் அது அந்நாட்டின் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. வணிக மென்பொருள்களில் பெரும்பாலானவை இம்முறையையே கைக்கொள்கின்றன.

இதன் அனுகூலம் எளிதில் விளங்கும். எழுத்தர் ஒருவர் மாறுதலாகிப் போய் வேறொருவர் வந்தால், அதிகாரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. புதியவரை 'எழுத்தர்' என்னும் பொறுப்பில் சேர்த்து, பழையவரை நீக்கிவிட்டால் போதும்.

பொறுப்புகளும் பொத்தான்களும்

ஒரு சங்கத்தில் கீழ்க்கண்டவாறு பொறுப்புகளைப் பகுக்கலாம்.

1. எழுத்தர்: விண்ணப்பத்தைப் புதிதாகப் பதியலாம், சமர்ப்பிக்கும்வரை திருத்தலாம். அங்கீகரிக்கவோ பணம் வழங்கவோ இயலாது.

2. செயலாளர்: சமர்ப்பித்த விண்ணப்பத்தைச் சரிபார்த்து அங்கீகரிக்கலாம், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். விண்ணப்பத்தைத் தாமே புதிதாகப் பதிய இயலாது.

3. காசாளர்: அங்கீகரிக்கப்பட்ட தொகையை வழங்கலாம், வசூலுக்கு ரசீது போடலாம். தொகையை மாற்ற இயலாது.

4. நகை மதிப்பீட்டாளர்: நகையின் எடையையும் தரத்தையும் மட்டும் பதியலாம்.

5. விற்பனையாளர்: உரமும் விதையும் வழங்கிப் பட்டியல் போடலாம். விலையையோ இருப்பின் அளவையோ மாற்ற இயலாது.

6. தணிக்கையாளர்: எல்லாவற்றையும் பார்க்கலாம், ஒன்றையும் மாற்ற இயலாது.

சிறு சங்கங்களில் இத்தனை ஊழியர்கள் இருப்பதில்லை. செயலாளரும் ஓர் எழுத்தரும் மட்டுமே உள்ள இடத்தில் இப்பகுப்பு சாத்தியமா என்று கேட்கலாம். அங்கும் பதிகிறவரும் அங்கீகரிக்கிறவரும் வெவ்வேறு ஆட்களாக இருத்தல் வேண்டும் என்னும் ஒரு விதியையாவது விடலாகாது. செயலாளரே காசையும் கையாள நேர்ந்தால், குறித்த தொகைக்கு மேற்பட்ட கடனுக்கு நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவருடைய ஒப்புதலும் வேண்டும் என்று மென்பொருளிலேயே அமைக்கலாம். கடன் அங்கீகாரமானவுடன் உறுப்பினரின் கைப்பேசிக்குச் செய்தி செல்லும்படி செய்துவிட்டால், அவ்வுறுப்பினரே மற்றொரு கண்ணாக அமைகிறார்.

ஒரு பயிர்க்கடன் செல்லும் வழி

இரண்டு ஏக்கர் நஞ்சை உடைய ஓர் உறுப்பினர், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, சிட்டாவுடன் சங்கத்திற்கு விண்ணப்பம் கொடுக்கிறார் எனக் கொள்க. எழுத்தர் அதைப் பதிந்து 'சேமி' என்னும் பொத்தானை அழுத்துகிறார். அந்நிலையில் அது வரைவு மட்டுமே. சர்வே நம்பரில் பிழையிருந்தால் அவரே திருத்தலாம். பின்னர் 'சமர்ப்பி' என்பதை அழுத்தியவுடன், எழுத்தரின் திரையிலிருந்து திருத்தும் பொத்தான் மறைந்து, செயலாளரின் திரையில் 'அங்கீகரி', 'திருப்பி அனுப்பு' என்னும் இரண்டும் தோன்றுகின்றன. அவர் அங்கீகரித்தபின்பே காசாளரின் திரையில் 'வழங்கு' என்னும் பொத்தான் உயிர் பெறுகிறது. வழங்கியபின் அதுவும் மறைகிறது. ஒரே கடனை இருமுறை வழங்க இயலாமற்போகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ஒரு பொத்தானைக் காட்டலாமா என்பதை நுழைந்தவரின் பதவி ஒன்றைக்கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. நுழைந்தவர் யார், ஆவணம் எது, அது எந்நிலையில் இருக்கிறது, தொகை எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டே தீர்மானிக்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு. அங்கீகரிக்கிறவரே அந்த ஆவணத்தைப் பதிந்தவராக இருக்கிறாரா என்பதே அது. செயலாளர் ஒரு நாள் எழுத்தரின் வேலையையும் பார்த்திருந்தால், அன்று தாம் பதிந்ததைத் தாமே அங்கீகரிக்கும்படி விடலாகாது. மும்பையில் உருவாகி, எவரும் மூலத்தைப் பார்த்து உபயோகிக்கும்படி வெளியிடப்பட்டுள்ள இ.ஆர்.பி. நெக்ஸ்ட் என்னும் வணிக மென்பொருளில், தன் பதிவைத் தானே அங்கீகரிக்கலாமா என்பதற்குத் தனியே ஒரு கட்டமே இருக்கிறது. அதுபோன்ற கட்டம் எந்நிலையில் விடப்பட்டிருக்கிறது என்பதை நிர்வாகக் குழுவினர் கேட்டறிதல் வேண்டும்.

மறைப்பதா, மங்கலாகக் காட்டுவதா என்பதும் கவனிக்கத்தக்கது. ஒருவருக்கு எந்நாளும் உரியதல்லாத பொத்தானை முற்றிலும் மறைத்துவிடுதல் நலம். அவருக்கு உரியதாயினும் இன்னும் வேளை வராத பொத்தானை மங்கலாகக் காட்டி, 'செயலாளர் அங்கீகாரம் நிலுவையில்' என்று காரணத்தை அருகில் எழுதுதல் நலம். காரணம் தெரியாவிட்டால், வாசலில் காத்து நிற்கும் உறுப்பினருக்கு ஊழியர் என்ன விடை சொல்வது என்றறியாமல் திகைப்பார். கணினி பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் கூடும்.

மறைத்தல் வேறு, பூட்டுதல் வேறு

இக்கட்டுரையில் முக்கியமாக வற்புறுத்தப்படுவது இதுவே. பொத்தானை மறைப்பது அதிகாரத்தைத் தடுத்ததாகாது.

பொத்தானை அழுத்தும்போது நடப்பது யாதெனில், ஊழியரின் முன்னுள்ள கணினி ஒரு சிறு விண்ணப்பச் சீட்டை ஆயத்தம் செய்து, கணக்குகள் வைக்கப்பட்டுள்ள சர்வர் என்னும் மூலக் கணினிக்கு அனுப்புகிறது. இன்ன எண்ணுள்ள கடனை அங்கீகரிக்க என்பதே அச்சீட்டின் வாசகம். பொத்தான் அச்சீட்டை எழுதுவதற்கு ஏற்பட்ட கருவி மட்டுமே. விஷயம் தெரிந்த ஒருவர், பொத்தான் இல்லாமலே அதே சீட்டை வேறு வழியில் எழுதி அனுப்பிவிட முடியும். அலுவலக ஜன்னலில் அச்சிட்ட படிவத்தை வைக்காமலிருந்தால், வெள்ளைக் காகிதத்தில் அதே வாசகத்தை எழுதிக் கொடுப்பவரை அது தடுக்காது. உள்ளேயிருக்கும் குமாஸ்தா காகிதத்தை வாங்கி, கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டா என்று பார்த்தால்தான் தடை ஏற்படும்.

ஆகவே, சீட்டு வந்து சேரும் சர்வரிலே ஒவ்வொரு சீட்டும், ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட வேண்டும். அனுப்பியவர் யார், அவர் பொறுப்பு யாது, ஆவணம் இப்பொழுது எந்நிலையில் இருக்கிறது என்பவற்றை அங்கே பார்த்தபின்பே காரியம் நடைபெற வேண்டும். பெல்ஜியத்தில் தோன்றிய ஓடூ என்னும் வணிக மென்பொருளில் இவ்விரண்டும் இரு வேறு இடங்களில் எழுதப்படுகின்றன. பொத்தானை இன்ன பிரிவினருக்கே காட்டுக என்பது திரையின் அமைப்பில் எழுதப்படும். ஆவணத்தை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்னும் விதிகள் தனியே எழுதப்படும். முன்னதை மட்டும் எழுதிப் பின்னதை மறந்தால், திரை ஒழுங்காகத் தோன்றும். கதவு திறந்தே கிடக்கும்.

இது வீண் அச்சமன்று. அமெரிக்காவில் நிலம், வீடு ஆகியவற்றின் உரிமைமூலத்திற்கு இன்ஷூரன்ஸ் அளிக்கும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்னும் கம்பெனியில் இத்தகைய குறை இருந்தது 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. ஒருவருக்கு அவருடைய பத்திரத்தைப் பார்ப்பதற்கென்று அனுப்பப்பட்ட இணைய முகவரியில் ஓர் எண் இருந்தது. அவ்வெண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் அடுத்தவருடைய பத்திரம் கடவுச்சொல்லும் கேளாமல் திறந்தது. 2003-ஆம் ஆண்டு முதற்கொண்டு சேர்ந்திருந்த சுமார் 88 கோடியே 50 லட்சம் ஆவணங்கள் இவ்வாறு எவரும் பார்க்கத்தக்க நிலையில் இருந்தன என்று அப்பொழுது தெரிவிக்கப்பட்டது. பாங்குக் கணக்கு எண்களும் அடமான விவரங்களும் அவற்றுள் இருந்தன. பிறர் பத்திரத்தைக் காட்டும் பொத்தான் எவருடைய திரையிலும் வைக்கப்படவில்லை. கேட்பவர் உரியவரா என்று சோதிக்கும் காவலும் வைக்கப்படவில்லை.

மென்பொருள்களின் பாதுகாப்பை ஆராய்ந்து, குறைகளை வரிசைப்படுத்தி வெளியிடும் ஓவாஸ்ப் என்னும் சர்வதேச அமைப்பு, அதிகாரச் சோதனை சரியில்லாமையை 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஐந்தாவதாக வைத்திருந்தது. 2021-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலாவதாக வைத்தது. இக்குறை எத்துணைப் பரவியுள்ளது என்பதற்கு இதுவே சான்றாகும்.

அழித்தலும் ரத்து செய்தலும்

நல்ல கணக்கர் பேரேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிப்பதில்லை. குறுக்கே கோடிட்டு, சரியானதை மேலே எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். வணிக மென்பொருளிலும் இம்முறையே வேண்டும். மேற்கூறிய இ.ஆர்.பி. நெக்ஸ்டில், சமர்ப்பிக்கப்பட்ட ஆவணத்தை நேரே அழிக்க இயலாது. முதலில் ரத்து செய்து, பின்னர் அதன் திருத்தப் பிரதியைத் தயாரிக்க வேண்டும். ரத்தான ஆவணமும் அதன் எண்ணும் கணக்கில் நிற்கும். ரத்து செய்யும் அதிகாரம், சமர்ப்பிக்கும் அதிகாரத்தினின்று வேறாகவே வைக்கப்பட்டுள்ளது. ஒருவர் பெயரில் ரசீது போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, மாலையில் அந்த ரசீதை ரத்து செய்துவிடும் மோசடிக்கு இடமில்லாமற்செய்ய வேண்டுமாயின், காசாளருக்கு 'ரத்து செய்' என்னும் பொத்தான் இருத்தலாகாது. ரத்து கோருபவர் காசாளராகவும், ஒப்புபவர் செயலாளராகவும் இருத்தல் வேண்டும். காரணமும் தேதியும் நேரமும் கட்டாயம் பதியப்பட வேண்டும்.

இரவல் கடவுச்சொல்

எவ்வளவு நேர்த்தியாக அமைத்த ஏற்பாட்டையும் ஒரே நாளில் பாழாக்கக்கூடியது கடவுச்சொல்லை இரவல் கொடுக்கும் பழக்கம். செயலாளர் தமது கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி மேஜைக் கண்ணாடியின்கீழ் வைத்துவிட்டால், எழுத்தரே பதிந்து, செயலாளர் பெயரில் நுழைந்து, தாமே அங்கீகரித்துக்கொள்ளலாம். கணினி இரண்டு ஆட்களைக் காணும். நாற்காலியில் இருப்பவர் ஒருவரே. பின்னால் விசாரணை வந்தால், பதிவேட்டில் நிற்கும் பெயர் செயலாளருடையது, ஜவாப்தாரியும் அவரே. தம் பெயரில் நுழைந்து அறிக்கை அனுப்பும்படி உதவியாளரிடம் கடவுச்சொல்லைக் கொடுக்கும் கிராம அதிகாரிக்கும் இது பொருந்தும்.

பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாக உபயோகிப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கும் உரிய குற்றமாகும். இருப்பினும் தண்டனையைவிடத் தடுப்பே மேலானது. செயலாளர் விடுப்பில் செல்லும்போது கடவுச்சொல்லைக் கொடுத்துச் செல்வதற்குப் பதிலாக, பொறுப்பு ஏற்பவருக்கு அந்நாட்களுக்கு மட்டும் அங்கீகார அதிகாரத்தை எழுத்துமூலம் அளித்து, விடுப்பு முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். மாறுதலாகியோ ஓய்வு பெற்றோ செல்பவரின் பெயரை, அவர் பொறுப்பை ஒப்படைக்கும் அன்றே முடக்க வேண்டும். சாவிக் கொத்தை வாங்காமல் எவரையும் அனுப்புவதில்லையன்றோ.

எல்லா விதிகளையும் மீறக்கூடிய மூல அதிகாரிக் கணக்கு ஒன்று இத்தகைய மென்பொருள்களில் இருப்பது வழக்கம். மென்பொருளை அமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்குமே அது ஏற்பட்டது. அன்றாட வேலையை அதன் மூலமாகச் செய்வது, வீட்டின் எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் கண் தூங்கலாகாது

பலர் அங்கீகரிப்பதனால் மட்டும் தவறு நேராது என்று கருதுவதும் பிழை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் சிட்டி பாங்கு, ரெவ்லான் என்னும் கம்பெனியின் கடனுக்காகச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி செலுத்த எண்ணியது. ஆனால் அசலையும் சேர்த்து ஏறக்குறைய 90 கோடி டாலரைக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டது. ஒருவர் பதிய, மற்றொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் அங்கீகரிக்க வேண்டும் என்னும் விதி அங்கே இருந்தது. மூவரும் அவ்வாறே செய்தனர். அசல் தொகை வெளியே செல்லாமலிருக்கத் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டியிருக்க, ஒன்றை நிரப்பினாலே போதும் என்று மூவரும் எண்ணியிருந்தனர். சுமார் 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுக்கவே, 2021-இல் தீர்ப்பு பாங்குக்குப் பாதகமாகி, 2022-இல் அப்பீலில்தான் அது மாற்றப்பட்டது.

அங்கீகரிப்பவரின் திரையில், பொத்தானை அழுத்தினால் நிகழப்போவது இன்னது என்று தெளிவான வாக்கியமாக எழுதியிருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். 'கடன் எண் இன்னது, உறுப்பினர் பெயர் இன்னது, தொகை இவ்வளவு, இன்று வழங்கப்படும்' என்று காட்டிய பின்பே 'அங்கீகரி' தோன்ற வேண்டும். ஐம்பது விண்ணப்பங்களை ஒருசேரக் குறித்து ஒரே அழுத்தில் அங்கீகரிக்கும் வசதி இருக்குமாயின், அது சரிபார்த்தலைச் சடங்காக்கிவிடும்.

சங்கத்தார் செய்யத்தக்க சோதனை

கணினி அறிவு அதிகம் இல்லாத நிர்வாகக் குழுவினரும் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்விக்கலாம்.

1. ஒவ்வொரு பொறுப்பிலும் உள்ள ஊழியரைத் தம் பெயரில் நுழையச் செய்து, அவர் திரையில் தோன்றும் பொத்தான்களைத் தாளில் குறித்து, பொறுப்புப் பட்டியலுடன் ஒப்பிடுக. மிகுதியாகத் தோன்றும் பொத்தானை நீக்கச் செய்க.

2. எழுத்தர் தாம் பதிந்த சோதனை விண்ணப்பத்தைத் தாமே அங்கீகரிக்க முயலட்டும். மறுக்கப்பட வேண்டும்.

3. செயலாளரின் திரையில் அங்கீகாரப் பக்கத்தின் முகவரியைப் பார்த்தெழுதி, எழுத்தரின் பெயரில் நுழைந்துள்ள கணினியில் அதே முகவரியைத் தட்டுக. பக்கம் திறந்து காரியம் நடைபெறுமாயின், பொத்தான் மறைக்கப்பட்டதேயன்றிப் பூட்டப்படவில்லை என்பது தெளிவு. திறக்காவிடினும், பொத்தானின்றி அனுப்பும் சீட்டைச் சர்வர் மறுக்கிறதா என்று மென்பொருள் அளித்தவரைக்கொண்டு சோதித்துக் காட்டச் செய்க.

4. மாறுதலாகிச் சென்றவர்களின் பெயர்கள் இன்னும் உயிரோடிருக்கின்றனவா என்று பயனர் பட்டியலைப் பார்க்க.

5. மாதந்தோறும் ரத்தான ரசீதுகளின் பட்டியலையும், அலுவலக நேரத்திற்கு அப்பால் நடந்த அங்கீகாரங்களின் பட்டியலையும் அச்சிட்டுக் குழுக் கூட்டத்தில் வைக்க.

இச்சோதனைகளை மெய்யான கணக்கில் செய்யாமல், பயிற்சிக்கென்று வைக்கப்பட்ட பிரதியில் செய்தல் வேண்டும். அப்பிரதி இல்லாவிடில் மென்பொருள் அளித்தவரிடம் கேட்டுப் பெறலாம்.

உறுப்பினர் கவனிக்க வேண்டியவை

உறுப்பினர்கள் தங்கள் கைப்பேசி எண்ணைச் சங்கத்தில் சரியாகப் பதிந்துகொள்ள வேண்டும். தரகரின் எண்ணையோ ஊழியரின் எண்ணையோ பதியவிட்டால், கடனைப் பற்றிய செய்தி உரியவரை எட்டாது. பணம் செலுத்தியவுடன் கணினி ரசீதைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணைச் சரிபார்த்து வைத்துக்கொள்க. கையால் எழுதிய துண்டுச் சீட்டை ஏற்க வேண்டாம். சாகுபடிப் பருவந்தோறும் தமது கணக்கின் நகலை ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று. கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவருக்கும் சொல்லலாகாது. அது உறுப்பினரின் கையொப்பத்திற்குச் சமானமாகும்.

பேரேட்டின் தாள் திரையாக மாறியிருக்கலாம். அதில் எழுதப்படுவது முன்போலவே குடியானவரின் நிலமும் நகையும் உழைப்புமேயாகும். யார் எழுதலாம், யார் ஒப்பமிடலாம், யார் பணம் தரலாம் என்று பகுத்து, அப்பகுப்பைத் திரையில் மட்டுமன்றிக் கணக்கு இருக்கும் இடத்திலேயே பூட்டிவைக்கும் சங்கத்தில், நேர்மையான ஊழியருக்குச் சந்தேகத்தினின்று விடுதலையும் உறுப்பினருக்கு மன அமைதியும் உண்டாகும். அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் இதுபற்றி ஒரு கேள்வி எழுப்புவது ஒவ்வோர் உறுப்பினருக்கும் உள்ள உரிமையாகும்.